நிக்கிற அம்மா

அந்த அக்கா உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்துக்குள் வந்ததும் நாற்காலியை இழுத்துப் போடுவேன். "வேணாம் டீச்சர், பழகிப்போச்சு" என்று கதவோரம் நின்றுகொள்வார். நீலக் கோட்டு, காலில் கம்பெனி கொடுத்த கறுப்பு ஷூ. தொப்பி போட்டுப் போட்டு முன்நெற்றி முடி படிந்துபோயிருக்கும். பிள்ளைகளே அவருக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். தூரத்தில் அந்த ஷூச் சத்தம் கேட்டதும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரு குரல் எழும்பும்: "டீச்சர், நிக்கிற அம்மா வர்றாங்க."

எனக்கு ஊர் விளாத்திகுளம் பக்கம். ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் போகிற சாலையில் இறங்கி, கம்பெனி மதில்களை ஒட்டியே உள்ளே நடந்தால் வருகிற ஒரு கிராமத்தின் தொடக்கப் பள்ளியில்தான் எனக்கு முதல் வேலை. சேர்ந்தபோது தலைமையாசிரியை ஒருவர் இருந்தார். அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. தொகுப்பூதியத்தில் ஒரு பெண்ணைத் தற்காலிகமாகப் போட்டார்கள். மேலிருந்து வர வேண்டிய நிதி நின்றதும் அவளுடைய சம்பளமும் நின்றது. சில மாதங்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு கம்பெனி கேன்டீனில் டோக்கன் கொடுக்கிற வேலைக்குப் போய்விட்டாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. அங்கே மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது.

மிச்சம் நான் ஒருத்தி. ஐந்து வகுப்பு, அறுபது பிள்ளைகள். நிலத்தைக் கொடுத்துவிட்டு அதே நிலத்தில் எழுந்த கம்பெனிக்கு வேலைக்குப் போகிற உள்ளூர்க்காரர்களின் பிள்ளைகள், எங்கள் பக்கத்திலிருந்து வந்து வாடகை அறையில் இருப்பவர்களின் பிள்ளைகள், இந்தி மட்டும் தெரிந்த நாலைந்து பேர். எல்லாரையும் ஒரே அறையில் வைத்திருந்தேன். இன்னொரு அறையில் மழை ஒழுகியது.

ஒருத்தியாகப் பாடம் நடத்துவதுகூடப் பெரிய கஷ்டமில்லை. மூன்றாம் வகுப்புக்கு எழுதக் கொடுத்துவிட்டு ஒன்றாம் வகுப்புக்குப் போவேன். ஐந்தாம் வகுப்பு இரண்டாம் வகுப்புக்குப் படித்துக் காட்டும். அறையை விட்டு நகர முடியாது என்பதுதான் கஷ்டம். கழிப்பறை கட்டடத்துக்குப் பின்னால் இருந்தது. ஒருமுறை போய்விட்டு வருவதற்குள் ஒரு பையன் கதவிடுக்கில் விரலை நசுக்கிக்கொண்டான். நகம் கழன்று ரத்தம். அதற்குப் பிறகு பள்ளி விடும்வரை நான் போவதில்லை. போகாமல் இருக்க வேண்டுமென்றால் தண்ணீர் குடிக்கக் கூடாது. குடிப்பதையும் விட்டேன். உடம்பு சும்மா விடுமா? நீர்க்கடுப்பும் குளிரும் காய்ச்சலும் வந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கிடந்தேன். மாத்திரை கொடுத்த நர்ஸ், "டீச்சரா நீங்க?" என்று மட்டும் கேட்டார். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது.

திரும்பி வந்த மறுநாள் வாசலில் அந்த அக்கா நின்றார். நாலாம் வகுப்பில் படிக்கிற ஒரு பிள்ளையின் அம்மா. நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தார்.

"டீச்சர், பாப்பா சொல்லிச்சு. நீங்க தண்ணியே குடிக்கிறதில்லையாமே?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா."

"எங்கிட்டயேவா? எங்க லைன்ல கீற பொண்ணுங்க எல்லாம் இத்தத்தான் பண்ணுதுங்க." பையைச் சுவரோரம் வைத்தார். "போய்ட்டு வாங்க. நான் நிக்கிறேன்."

நான் தயங்கினேன். யாரோ ஒருவரிடம் வகுப்பை விட்டுவிட்டுப் போகலாமா, கூடாதா? "போங்க டீச்சர்" என்று சின்னப் பிள்ளையை அதட்டுவதுபோல அதட்டினார். போனேன். திரும்பி வந்தபோது விட்ட இடத்திலேயே எல்லாம் இருந்தது. பலகையில் நான் பாதி எழுதிய வாக்கியம் அப்படியே பாதியில் நின்றது.

அவருக்குக் கம்பெனியில் அதுதான் வேலை. கார்களுக்கு ஒயர் கட்டு செய்கிற கம்பெனி. லைனில் இருக்கும் ஒருவர் வெளியே போக வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும். ரிலீவர் வந்து அந்த இடத்தில் நிற்பார், அவர் போய்விட்டு வருவார். அக்காதான் ரிலீவர். எல்லாருடைய இடத்திலும் நின்றிருக்கிறார், தனக்கென்று ஒரு இடம் கிடையாது.

"ரிலீவர்னா சும்மா இல்ல டீச்சர். அந்தப் பொண்ணு இன்னா பண்ணுச்சோ அத்தயே பண்ணணும். கூட ஒண்ணு பண்ணிடக் கூடாது. அவ வந்து பாத்தா அவ எடம் அவ எடமாவே இருக்கணும்."

அதே சட்டத்தைத்தான் வகுப்பிலும் வைத்திருந்தார். பன்னிரண்டாவது வரை படித்தவர். வேண்டுமென்றால் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். "அது உங்க வேல" என்று ஒதுங்கிக்கொள்வார். பிள்ளைகள் ஏதாவது சந்தேகம் கேட்டால், "டீச்சர் வந்துடுவாங்க, அவங்களக் கேளு" என்பார். ஆரம்பத்தில் ஒருநாள் நான் திரும்பி வந்து பார்த்தால் அறுபது பேரும் கைகட்டி, வாய்பொத்தி, பொம்மைபோல உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பகீரென்றது.

"என்னக்கா, மிரட்டுனீங்களா?"

"சத்தம் போட்டுக்கினே இருந்துச்சுங்க. அதான்."

"சத்தம் போட்டா போடட்டும்க்கா. படிக்கிற பிள்ளைக சத்தம் போடத்தான செய்யும்."

கொஞ்சம் யோசித்தார். "மிஷின் ஓடுற சத்தம் மாரி. கரெக்டா?" என்றார். அதற்குப் பிறகு எவ்வளவு இரைச்சல் இருந்தாலும் கதவோரம் நின்று திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவருடைய ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். முதல் ஷிப்ட் வாரத்தில் பகலில் வர முடியாது. ஆனால் அந்த ஊரில் எந்த நேரமும் யாராவது ஒருவர் ஷிப்ட் முடிந்து வீட்டில் இருப்பார்கள். அக்கா தெருத் தெருவாகப் போய் அந்த அம்மாக்களைப் பிடித்தார். காலையில் ஒருவர், மதியம் ஒருவர் வருவார்கள். பத்து நிமிடம் நிற்பார்கள். நான் போய்விட்டு வந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி சாக்பீஸை எடுப்பேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது பெரிய உதவியாகத் தெரியாது. எனக்கு அது உயிர்.

அவரிடம் எனக்குப் பிடிக்காத ஒன்றும் இருந்தது. யாராவது வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனால் மன்னிக்கவே மாட்டார். எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி, ராமநாதபுரத்துக்காரி, ஒருநாள் மதியம் வரவில்லை. சாயங்காலம் தண்ணீர்த் தொட்டியடியில் எல்லார் முன்னாலும் அக்கா அவளைப் பிடித்துக்கொண்டார்.

"வர முடியலன்னா முடியலன்னு சொல்லு. வர்றேன்னு சொல்லிட்டு வூட்ல படுத்துக்கினா அந்த டீச்சர் இன்னா பண்ணும்?"

"பிள்ளைக்குக் காச்சக்கா…"

"அப்ப அத்தச் சொல்லு! நான் வந்து நின்னுருப்பேன் இல்ல?"

அந்தப் பெண் அழுதுகொண்டே குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். எனக்குச் சங்கடமாகிவிட்டது. "விடுங்கக்கா, ஒரு நாள்தானே" என்றேன். "ஒரு நாளுதான்" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். எதற்கு இவ்வளவு கோபம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அந்த வருடம் வட்டாரக் கல்வி அலுவலர் பள்ளிக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. அவர் அலுவலகத்திலும் இரண்டு நாற்காலிகள் காலி, கிளார்க் வேலையையும் அவரே பார்த்தார். அக்கா கதவோரம் நிற்பதையும், வராந்தாவில் இன்னொரு அம்மா தன் முறைக்குக் காத்திருப்பதையும் பார்த்து அவர் முகம் மலர்ந்துவிட்டது. போட்டோ எடுத்துக்கொண்டார். எங்கள் ஒன்றியத்துத் தலைமையாசிரியர்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் அன்று மாலையே அந்தப் படம் வந்தது. எல்லாப் பள்ளியும் இதைப் பின்பற்றலாம் என்று கீழே எழுதியிருந்தார். கைதட்டுகிற கைகளாக வந்து குவிந்தன. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கும் அவர் வந்தார். பெற்றோர் சார்பில் அக்கா பேசினார்.

"சார், ரெண்டாவது டீச்சர் எப்ப சார் வருவாங்க?"

"நிதி வரலம்மா. மேல இருந்து வந்தாத்தானே தற்காலிகமா ஆள் போட முடியும்? நிரந்தர இடமும் இப்போதைக்கு இல்ல." அவர் சிரித்தார். "உங்க ஸ்கூல்தான் நல்லா ஓடுதே. அம்மாங்க எல்லாம் சேந்து பாத்துக்கிறீங்க. ரொம்ப மோசமா இருக்கிற ஊருக்கு மொதல்ல குடுக்கணும் இல்லையா?"

சுற்றி இருந்த அம்மாக்கள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் வந்தார். "டீச்சர், நாளைலேர்ந்து நாங்க யாரும் உள்ள வர மாட்டோம்."

"ஏங்க்கா? நான் என்ன செஞ்சேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல. கேளுங்க." அன்றைக்குத்தான் அதைச் சொன்னார். கம்பெனியில் ஒரு சமயம் ஆள் குறைத்தார்கள். ஒரு பெண் வேலையை விட்டுப் போனபோது, ரிலீவர்தான் இருக்கிறாளே என்று அந்த இடத்தில் அக்காவை நிறுத்தினார்கள். இரண்டு நாளைக்கு என்று சொன்னது அப்படியே பல மாதம் நீண்டது. ஒருநாள் எதிர் வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். புதுசாகக் கல்யாணமானவள், மாசமாக இருந்தாள். ரிலீவர் இல்லை. தூக்கின கையோடு நின்றாள்.

"அவ கையத் தூக்கினது எனக்குத் தெரிஞ்சுது டீச்சர். என்னயத்தான் பாத்தா. நான் எடத்த வுட்டு வர முடியல, லைன் ஓடிக்கினு கீது. நின்ன எடத்துலயே அவளுக்கு ஒண்ணுக்குப் போயிடுச்சு. எல்லா ஆம்பளைங்களும் நிக்கிறாங்க. மறுநாள் அவ வேலைக்கு வரல. அப்புறம் வரவே இல்ல."

அக்கா கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாங்க நிக்கிறதக் காட்டி உங்க ஆளக் குறைக்கிறாங்க டீச்சர். நான் எத்தினி வருசம் நின்னாலும் நிப்பேன். ஆனா நான் போன பிறகு?"

அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் ஆத்திரம் வந்தது. "உங்களுக்கென்னக்கா, சொல்லிருவிய. கெடந்து சாகப் போறது நான்தான" என்று கத்திவிட்டேன். அவர் பையை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாளிலிருந்து மறுபடி பழைய கதை. தண்ணீர் பாட்டில் மேஜையில் அப்படியே இருக்கும். ஆனால் அக்கா வருவதை நிறுத்தவில்லை. ஷிப்ட் முடிந்து வந்து கேட்டுக்கு வெளியே நிற்பார், உள்ளே வர மாட்டார். ஒருநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் சுவரில் சாய்ந்தபோது, கேட்டின் தாழ்ப்பாளில் அவர் கை இருந்ததைப் பார்த்தேன். திறக்கவில்லை. கையை எடுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அதைப் பார்த்த பிறகு எனக்கிருந்த ஆத்திரம் போய்விட்டது.

மாவட்டத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. வாட்ஸ்அப்பில் பார்த்த 'அம்மாக்கள் நடத்தும் பள்ளி'யை நேரில் காண வருகிறாராம். வட்டார அலுவலர் முந்தின நாளே போன் செய்து, அம்மாக்களை வரச் சொல்லிவிடுங்கள் என்றார். அக்காவிடம் சொன்னேன்.

"எல்லாரும் வர்றோம் டீச்சர்" என்றார். "கேட்டுக்கு வெளிய."

அப்படியே வந்தார்கள். இருபது பேர் இருக்கும். சிலர் நீலக் கோட்டோடு, சிலர் நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு. அக்கா அன்று அழவைத்த ராமநாதபுரத்துப் பெண்ணும் இருந்தாள், அவருக்குப் பக்கத்திலேயே. கார் வந்ததும் வழிவிட்டு நின்றார்கள். யாரும் கோஷம் போடவில்லை.

அதிகாரி உள்ளே வந்தார். ஐந்து வகுப்பும் ஒரே அறையில் இரைந்துகொண்டிருந்தது. "அம்மாக்கள் ஏன் வெளியே நிற்கிறாங்க?" என்று கேட்டார். வட்டார அலுவலர் என்னைப் பார்த்தார். நான் கேட்டுப் பக்கம் பார்த்தேன். அக்கா அங்கிருந்து தலையை மட்டும் அசைத்தார்.

"மேடம்," என்றேன். நா வறண்டிருந்தது. "காலையில இருந்து நான் பாத்ரூம் போகல. நீங்களும் சாரும் இங்க கொஞ்சம் நின்னீங்கன்னா போயிட்டு வந்திருவேன்."

அவர் பதில் சொல்வதற்குள் சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டு நடந்தேன். வேலை போய்விடுமோ என்றுகூட நினைத்தேன். ஆனால் அவசரப்படவில்லை. முகம் கழுவினேன். திரும்பி வந்தபோது ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அதிகாரியின் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதது. மூன்றாம் வகுப்பில் இரண்டு பையன்கள் ஒரு ஸ்கேலுக்காக உருண்டார்கள். வட்டார அலுவலர் நடுவில் புகுந்து பிரித்துக்கொண்டிருந்தார். இந்தி பேசுகிற சிறுமி, "மேடம், மேடம்" என்று தன் சிலேட்டை நீட்டிக்கொண்டே இருந்தாள்.

அதிகாரி அழுத பிள்ளையின் மூக்கைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். "எத்தனை மாசமா நீங்க மட்டும்?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். சொன்னேன். "நானும் டீச்சராத்தான் இருந்தேன்" என்றார்.

அடுத்த வாரமே ஓர் ஆசிரியை மாற்றுப் பணியில் வந்தாள். சின்னப் பெண், சுறுசுறுப்பானவள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அக்காவுக்கு ஆள் அனுப்பினேன். வந்தார், அந்தக் கூட்டத்துக்குப் பிறகு முதன்முறையாகக் கேட்டைத் தாண்டி உள்ளே. புது டீச்சரைப் பார்த்துச் சிரித்தார்.

"எந்த ஸ்கூல்லேர்ந்து வர்றீங்க டீச்சர்?"

அவள் பக்கத்துக் கிராமத்தின் பெயரைச் சொன்னாள்.

"அங்க எத்தினி பேரு?"

"நானும் எச்.எம். மேடமும் இருந்தோம். இப்ப மேடம் மட்டும்."

"அந்தம்மாவுக்குச் சுகரு கிகரு இல்லியே?"

"இருக்குக்கா. எப்படிக் கேட்டீங்க?"

அக்காவின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. அன்று மாலையே ஷேர் ஆட்டோ பிடித்து அந்த ஊருக்குப் போனார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. யார் வீட்டுக்குப் போனார், என்ன பேசினார் என்று தெரியாது. ஆனால் சில நாட்கள் கழித்து இரண்டு ஊர் அம்மாக்களும் சேர்ந்து ஸ்ரீபெரும்புதூருக்குப் பஸ் ஏறி, அங்கிருந்த வட்டாரக் கல்வி அலுவலகத்து வாசலில் போய் நின்றார்கள். அக்கா ஒரு ஷிப்ட் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தார்.

"அந்தப் பொண்ண அவங்க ஊருக்கே திருப்பி அனுப்புங்க சார்" என்றார். நான் பின்னால் நின்றிருந்தேன். கிடைத்த ஒன்றையும் இவர் கெடுக்கிறாரே என்று தோன்றியது. "ஒரு ஸ்கூல்ல எடுத்து ஒரு ஸ்கூல்ல போட்டா அது ஆள் குடுத்த கணக்கா சார்? எங்க ஊர்ல எடம் காலியா கீதுன்னு சொல்லுங்க. அடுத்த கலந்தாய்வுல அத்தக் காட்டுங்க. அது போதும்."

வட்டார அலுவலர் நெடுநேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாவட்ட அதிகாரிக்குப் போன் செய்தார். எல்லார் முன்னாலும்தான் பேசினார். காலியிடம் காட்டப்படும், ஜூனில் ஆள் வரும் என்று முடிவானது.

சின்ன டீச்சர் தன் ஊர்ப் பள்ளிக்கே திரும்பிப் போனாள். நான் மறுபடி ஒருத்தி ஆனேன். மறுநாள் காலை அறை வாசலில் கறுப்பு ஷூச் சத்தம்.

"போய்ட்டு வாங்க டீச்சர்."

"உள்ள வர மாட்டேன்னீங்களேக்கா?"

"அப்ப முடிவு தெரில. இப்பதான் ஆள் வருதுன்னு சொல்லிட்டாங்க இல்ல? ஆள் வர்ற வரைக்கும் நிக்கிறவதான் ரிலீவர்." கோட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கதவோரம் போய் நின்றார்.

கோடை விடுமுறை வரை அப்படியே ஓடியது. ஜூனில் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் நிரந்தர இடத்தில் சேர்ந்தாள். சேர்ந்த அன்றே ஒழுகுகிற அறையில் ஒழுகாத மூலையாகப் பார்த்து ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் அங்கே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். இரண்டு அறையிலிருந்தும் இரண்டு விதமான சத்தம் வந்தது.

அக்கா நைட் ஷிப்ட் முடிந்து வந்திருந்தார். ஒவ்வொரு ஜன்னலாகப் போய்ப் பார்த்தார். புது டீச்சர் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் அதைக் கேட்டார். நான் வெளியே போய், "உள்ள வாங்கக்கா, காப்பி போடச் சொல்லுதேன்" என்றேன்.

"எனக்கு இங்க இன்னா வேல டீச்சர்?" என்று சிரித்தார். அவர் அவ்வளவு வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டைச் சாத்திவிட்டுப் போனார்.

அவர் மகள் அப்போது ஐந்தாம் வகுப்புக்கு வந்திருந்தாள். மறுநாள் காலையில் அவளிடம் கேட்டேன்: "அம்மா என்னம்மா பண்றாங்க?"

"நேத்து இங்கேர்ந்து வந்து படுத்துச்சு டீச்சர்" என்றாள். "நான் ஸ்கூல் விட்டுப் போயும் எழுந்துக்கல. ராத்திரி கம்பெனி பஸ் வந்து ஆரன் அடிச்சுச்சு. அப்பாதான் வெளிய போய், இன்னிக்கி அது வராது, தூங்குதுன்னு சொல்லி அனுப்பிட்டாரு."